ஜாஸ்மினுக்குள் ஒரு வண்டு

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கடை. வெளிநாட்டு ஆர்டரெல்லாம் நான்தான் போனில் பேசுகிறேன். 'ஜாஸ்மின்' என்று சொன்னால் இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்கிறார்கள். சரியாக எப்படிச் சொல்வது?

பதில்: 2013லேயே புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை விற்கிறீர்கள், பேரில் போய் இடறுகிறதே!

சிக்கல் நடுவில் இருக்கிறது. எழுத்து எஸ், பெரும்பாலோர் வாயில் வரும் ஒலியோ இசட். தமிழில் அந்த ஒலி கிடையாது. அதனால் ஸ் போட்டு ஒப்பேற்றுகிறோம், இல்லையென்றால் 'ஜாஜ்மின்' ஆக்கிவிடுகிறோம். ஸ் போட்டே சொல்லும் ஆங்கிலேயர்களும் உண்டு, அது பெரிய குற்றமில்லை. ஜ் தான் ஆளைக் குழப்பும்.

இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். வெறும் காற்றுதான் போகும். இப்போது நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டைக்குள் வண்டு சுற்றுவதுபோல ரீங்காரம் கேட்கிறதா? அதுதான் இசட். நாக்கு மேலே போய் ஒட்டினால் காற்று அடைபட்டு ஜ் ஆகிவிடும், ஒட்டவே கூடாது.

தொண்டையைச் சேர்ப்பது நமக்கொன்றும் புதிதில்லை. 'பாக்கு'வில் வரும் கு வேறு, 'சங்கு'வில் வரும் கு வேறு. பின்னதில் தொண்டையும் சேர்ந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்றாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் முதல் எழுத்து. அது நீட்டி முழக்கும் 'ஜா' இல்லை. வெள்ளாடு 'மே' என்று வாயை அகட்டிக் கத்துமே, அந்த ஒலியைக் குறுக்கி ஜ் உடன் சேருங்கள். அழுத்தம் முழுக்க இங்கேதான். 'மின்' லேசாக உரசிவிட்டுப் போனால் போதும். கூச்சம் வேண்டாம், பாரசீகத்து 'யாஸ்மின்'தான் பல மொழி சுற்றி இப்படி ஆகியிருக்கிறது, ஆங்கிலத்துக்கே இது இரவல் சொல்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அவர்கள் திருப்பிக் கேட்பது எந்தப் பூ என்பதற்காகவும் இருக்கலாம். மல்லி, முல்லை, பிச்சி மூன்றுமே ஆங்கிலத்தில் ஜாஸ்மின்தான். மல்லியின் தாவரப் பெயரில் 'சம்பாக்' என்று வரும். அதையும் சேர்த்து 'ஜாஸ்மின் சம்பாக்' என்று சொல்லிவிட்டு, வாட்ஸப்பில் ஒரு போட்டோவும் தட்டிவிடுங்கள்.