வேலூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்பவரின் மகள் நான். நன்றாக வரைவேன். உயர்ரக லேடீஸ் ஷூ டிசைனர் ஆக முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் வரைவது பாதி வேலைகூட இல்லை. ஷூ பிறப்பது லாஸ்ட்டில், அதாவது பாத வடிவ அச்சுக்கட்டையில். ஹீல் உயர உயர உடல் எடை முன்பாதத்துக்குப் போகும். அச்சு பிசகினால் எவ்வளவு அழகான ஷூவும் காலைக் கடிக்கும். உலகப் புகழ்பெற்ற ஷூ டிசைனர் மனோலோ பிளானிக்கே 1970-களின் தொடக்கத்தில் ஒரு ஃபேஷன் ஷோவுக்குச் செய்த ரப்பர் ஹீலுக்குள் இரும்பு வைக்க மறந்தார், மாடல்கள் தள்ளாடினார்கள். இன்னொரு பிரபல ஷூ டிசைனர் ஜிம்மி சூ மலேசியாவின் பினாங்கில் செருப்புத் தொழிலாளியின் மகன். அப்பாவிடம் கற்ற பிறகுதான் லண்டனில் படித்தார்.

உங்களுக்கும் அந்த வாய்ப்பு வீட்டிலேயே இருக்கிறது. பேர்ணாம்பட்டிலோ ஆம்பூரிலோ பேட்டர்ன் (மாதிரி வடிவம்) வெட்டுபவர், அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைப்பவர் பக்கத்தில் சில மாதம் உட்காருங்கள். அப்புறம் சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஐ.யில் சேரலாம்.