ஆசானைக் கொன்றுவிட்டு ஆசிரியரைத் தேடுகிறீர்

கேள்வி: ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துக் கம்பசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, காத்திருக்கிறேன். ஒரு தொடர்கதை எழுதுகிறேன். ஆதிரன் என்ற இளம் மந்திரவாதி, 16 வயதில் ஆணவத்தால் தன் தீவையே புயலுக்குக் கொடுத்துவிடுகிறான். அவனுடைய ஆசான் மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துபோகிறார். அலைந்து திருந்தி, 40 வயதில் எல்லோரும் மதிக்கும் ஆசிரியராகிறான். பொடியனாக இருக்கும் பகுதி நல்லது, ஆசிரியரான பிறகு கதை செத்துப்போச்சு என்கிறார்கள் நண்பர்கள். அவன் ஆசிரியரான பிறகு வரும் இரண்டு அத்தியாயங்களை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். வீட்டில் 'பேய்க்கதை' என்று ஏச்சு. இளைப்பாறிய வாத்தியாரான அம்மப்பா ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்வதால் ஹெட்போன் போட்டுத்தான் எழுதுகிறேன். தனி அறை எடுத்துப் போகலாமா?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தம்பி, எழுதுகிற பிள்ளைகளின் கடிதம் எனக்குப் புதிதில்லை. எல்லாருக்கும் வீட்டில் சத்தம், எல்லாருக்கும் தனி அறை வேண்டும். உம்முடைய கடிதத்தில் நான் நின்ற இடம் அந்த ஹெட்போன்.

ஆயுள் முழுக்கப் படிப்பித்த ஒரு மனிதர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். நீர் உள்ளே இருந்து, ஆசிரியர் என்பவர் எப்படி இருப்பார் என்று கற்பனை பண்ணுகிறீர், காதைப் பொத்திக்கொண்டு! கதையில் ஆசானை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடித்துவிட்டீர். வீட்டில் இருக்கிறவரையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறீர். 'ஒரே கதை' என்கிறீரே, அது என்ன கதை? கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அவர் நூறு தரம் சொல்லியிருப்பார், நீர் ஒரு தரமும் கேட்கவில்லை.

அத்தியாயங்களை வாசித்தேன். ஆதிரன் வகுப்புக்கு வருகிறான், கையை உயர்த்துகிறான், கூரைக்கு மேலே மேகம் கூடுகிறது, பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். இது வகுப்பா, திருவிழா வாணவேடிக்கையா? ஒரு பிள்ளைகூடப் பிழை விடவில்லை. ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. ஒரே பாடத்தை வருடா வருடம், புதிதாய் வந்து இருக்கிற பிள்ளைகளுக்கு, முதல் தரம் சொல்வதுபோலச் சொல்லவேண்டிய சலிப்பை அவன் அறியவே இல்லை. அவன் இன்னும் அந்தப் பொடியன்தான். நீர் தாடி மட்டும் வைத்துவிட்டீர்.

நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலரை எடும். கண்டனம் எழுதவும் வாதாடவும் அஞ்சாதவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அந்த மனிதர்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலபாடமும் எழுதினார். அவ்வளவு படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அளவாய் வசனத்தைச் சுருக்கினார். ஆதிரனும் அங்கேதான் இறங்கவேண்டும். புயலை எழுப்பியவன், ஒரு விளக்கை எப்படி ஏற்றுவது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு வராமல் போகட்டும். பக்கத்தில் இருக்கிற கெட்டிக்காரப் பொடியனில் தன் பழைய திமிரைக் கண்டு ஆதிரன் பயப்படட்டும்.

அதை எழுத உமக்குத் தெரியாது. அம்மப்பாவுக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு அடித்துவிட்டு நித்திரை இல்லாமல் கிடந்தார், எந்தப் பிள்ளையை 'இவன் உருப்படமாட்டான்' என்று சொல்லிப் பிழைபட்டார் என்று கேளும். ஆனால் கதைக்காக மட்டும் கேட்கவேண்டாம், அது களவு. பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இரும். பேப்பரை வாசித்துக் காட்டும். பேரப்பிள்ளைக்கு இது கடமை. எழுத்தாளருக்கு இதில் விலக்குக் கிடையாது.

'பேய்க்கதை' என்று ஏசுகிற வீட்டாருக்கும் ஒன்று: பிள்ளை பயந்துவிட்டது என்றால் நூல் மந்திரித்துக் கட்டுகிற ஊரில் மந்திரவாதிக் கதைக்கு என்ன குறை? எழுதட்டும், விடுங்கள்.

தனி அறை கூடாது. கம்பஸ் கிடைத்தால் எப்படியும் வெளிக்கிடத்தான் போகிறீர். அதுவரைக்கும் மேசையைத் தூக்கி விறாந்தையில் போடும். அங்கே ஃபேன் இல்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதவேண்டாம்.