உடோ ஜிங்கு: குகைக்குள் ஒரு பேறுகாலக் கதை

கேள்வி: ஜப்பானின் மியாஸாகியில் வசிக்கும் என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. சுகப்பிரசவம் வேண்டி உடோ ஜிங்கு கோயிலுக்குப் போகச் சொல்கிறார்கள். படிகள் அதிகமா? அங்கே சொல்லப்படும் கதைகளும் மண்ணுருண்டை எறியும் வழக்கமும் பழமையானவைதானா?

பதில்: நிச்சிநான் நகரின் கடலோரச் செங்குத்துப் பாறையில், குகைக்குள் அமைந்த ஷிண்டோ (ஜப்பானின் பூர்வீகச் சமயம்) கோயில் இது. மற்ற கோயில்களுக்குப் பெரும்பாலும் ஏறிச் செல்வார்கள். இங்கே இறங்கிச் செல்ல வேண்டும். ஆகவே மூச்சு வாங்கும் ஏற்றம் திரும்பும்போதுதான் வரும். எண்ணூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் கொண்ட பழைய மலைப்பாதையை உங்கள் மகள் அறவே தவிர்க்கட்டும். கோயிலுக்கு மிக அருகிலுள்ள நிறுத்துமிடம் வரை காரில் சென்று, அதற்கப்பால் நிதானமாக நடப்பதே நல்லது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படட்டும். மழை நாளைத் தவிர்க்கட்டும்.

பேறுகாலக் கதை மிகப் பழையது. 712இல் தொகுக்கப்பட்ட, ஜப்பானின் பழம்புராணங்களைச் சொல்லும் 'கொஜிகி' நூலிலேயே இருக்கிறது. அண்ணனின் தூண்டில் முள்ளைத் தொலைத்துவிட்டுத் தேடிப் போன இளவரசன், கடலரசனின் மாளிகையை அடைந்து அவன் மகள் டொயொடமஹிமேயை மணக்கிறான். பின்னர் அவள் பிள்ளை பெறக் கரைக்கு வருகிறாள். நீர்க்காகத்தின் இறகுகளால் பேற்றுக் குடிசைக்குக் கூரை வேய்ந்து முடிப்பதற்குள் வலி கண்டுவிடுகிறது. பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியும் கணவன் எட்டிப் பார்க்கிறான். உள்ளே மாபெரும் கடல்விலங்கு ஒன்று நெளிந்துகொண்டிருக்கிறது. நாணமுற்ற அவள் குழந்தையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பி, அதை வளர்க்கத் தன் தங்கையை அனுப்புகிறாள். அந்தக் குழந்தையே இக்கோயிலின் மூலத் தெய்வம். முதல் பேரரசராகச் சொல்லப்படும் ஜிம்முவின் தந்தையும் அவரே.

போகும் முன் தாய் தன் மார்பகங்களைக் குகைச் சுவரில் பதித்துவிட்டுச் சென்றாள் என்பது இந்தத் தலத்துக்கே உரிய கதை. அந்த இரட்டைப் பாறை முகடுகளிலிருந்து இன்றும் நீர் சொட்டுகிறது. அந்த நீரைக் கொண்டு செய்த மிட்டாயை உண்டே குழந்தை வளர்ந்தது என்பார்கள். அதன் பெயரால் கோயிலில் மிட்டாயும் விற்கிறார்கள். கர்ப்பிணிகள் முதலில் தேடிச் செல்வது இந்தப் பாறையைத்தான்.

கோயிலின் வரலாறு வேறு. 782இல் ஒரு பௌத்தத் துறவி இதைப் புதுப்பித்தார் என்பது மரபு. அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் இங்கே பௌத்தமும் ஷிண்டோவும் கலந்தே வழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி அரசு இரண்டையும் பிரித்தபோதுதான் இன்றைய வடிவம் வந்தது. இப்போது காணும் சந்நிதி, ஒபி குறுநில ஆட்சியாளர் 1711இல் கட்டியதை அடியொற்றியது.

மண்ணுருண்டை மட்டும் புதியது. டொயொடமஹிமே ஏறி வந்த ஆமை என்று சொல்லப்படும் பாறையின் முதுகில், கயிறு சுற்றிய ஒரு குழி உண்டு. முன்பு அதில் நாணயங்களை எறிந்தார்கள். அவற்றைப் பொறுக்கச் சிறுவர்கள் பாறைகளில் இறங்கியதால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் நாணயங்களுக்குப் பதில் உருண்டைகள் வந்தன. அவற்றை உள்ளூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உருட்டித் தந்தார்கள். ஒரு முறைக்கு ஐந்து உருண்டைகள் தருவார்கள். ஆண்கள் இடக்கையாலும் பெண்கள் வலக்கையாலும் எறிவது வழக்கம். குழியில் விழுந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. கடற்காற்று உருண்டையைத் திருப்பிவிடும். எனவே குறி தவறினால் உங்கள் மகள் மனம் கலங்க வேண்டாம். பேறுகால வேண்டுதலை மூலச் சந்நிதியிலும் நீர் சொட்டும் மார்பகப் பாறையின் முன்னும் வைத்தாலே போதும்.