நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு மோட்டார்

சைக்கிள் கேள்வி–பதில்
(பதில் சொல்பவர் காரைக்குடியில் முப்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருப்பவர்)

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. இங்கே ஒரு விடுதியில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஓட்டக் கொடுத்துவந்த குரூசர் சைக்கிளை அவர்கள் விற்றபோது வாங்கினேன். தடித்த டயர், அகலமான ஸ்பிரிங் சீட்டு, உடம்பை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார். முதுகு வலிக்காமல் ஓட்ட முடிகிறது. ஆனால் கனம் அதிகம், கியர் கிடையாது, எதிர்க்காற்றில் முழங்கால் நோகிறது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக்; கையில் பிரேக் இல்லை. தினமும் பள்ளத்தூர் வரை போவேன், வாரம் ஒரு தரம் காரைக்குடி. மோட்டார் வைக்கலாமா? பின்சக்கரத்தில்தான் வைக்கவேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். லைசென்ஸ் வேண்டுமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: தாராளமாக வைக்கலாம் டீச்சர். ஆனால் பின்சக்கரத்தில் வேண்டாம், முன்சக்கரத்தில் வையுங்கள். உங்கள் பிரேக்தான் காரணம். பின்னால் மிதித்தால் பிடிக்கிற அந்த கோஸ்டர் பிரேக் முழுக்கப் பின்சக்கரத்தின் ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள், இருக்கிறது. பின்சக்கர மோட்டார் என்றால் அந்த ஹப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரையே ஹப்பாக வைப்பது. வண்டியின் வேகத்தைக் கூட்டுகிற அன்றைக்கே அதன் ஒரே பிரேக்கையும் எடுத்துவிடுவோம். பெடல் இருக்கும் இடத்தில் பொருத்துகிற நடு மோட்டாரும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் செயின் திரும்பாது, அதனால் பிரேக்கும் பிடிக்காது. அதுவும் உங்களுக்கு ஆகாது.

மோட்டார் வாங்குவதற்கு முன்பே முன்சக்கரத்துக்கு ஒரு கை பிரேக் போட்டுவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் வி-பிரேக் மாட்டும் முளைகள் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஃபோர்க்கின் தலையில் மட்கார்டு மாட்டும் துளையிலேயே காலிப்பர் பிரேக்கை மாட்டலாம்; டயர் தடிமனாக இருப்பதால் கை நீளமான காலிப்பராகக் கேளுங்கள். மோட்டார் கிட்டோடு வரும் பிரேக் லீவரில் ஒரு சுவிட்ச் இருக்கும். லீவரைப் பிடித்தவுடன் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் நின்றுவிடும். உங்கள் பின்பிரேக்குக்கு லீவரே இல்லாததால், முன்பிரேக் லீவரில் அந்த சுவிட்ச் கட்டாயம் இருக்கவேண்டும்.

அப்புறம் ஃபோர்க். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதில் மோட்டார் வைக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், அதில் வைக்காதீர்கள். சாதாரணச் சக்கரத்தில் ஆக்ஸில் (நடு அச்சு) சும்மா நிற்கும், ஹப் சுற்றும். ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னோக்கிச் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கிற ஆக்ஸில் அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஃபோர்க் நுனியில் இருக்கிற சின்னப் பிளவு மட்டும்தான்.

2019-ல் என் அக்கா மகனின் சைக்கிளுக்கு மோட்டார் போட்டேன். அலுமினிய ஃபோர்க். வாஷர் வைத்து நட்டை நன்றாக இறுக்கினால் போதும் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கோட்டையூர் ரோட்டில், நின்ற இடத்திலிருந்து அவன் திராட்டிலை (ஹேண்டில்பாரில் மோட்டார் வேகத்தைக் கூட்டுகிற பிடியை) முழுதாக அழுத்தியிருக்கிறான். ஆக்ஸில் பிளவை உடைத்துக்கொண்டு சுற்றி, ஒயரை முறுக்கி அறுத்து, சக்கரம் ஃபோர்க்கைவிட்டு வெளியே வந்துவிட்டது. முழங்கையில் நாலு தையல். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து டார்க் ஆர்ம் இல்லாமல் ஒரு மோட்டார் சக்கரம்கூட என் கடையைவிட்டுப் போனதில்லை. டார்க் ஆர்ம் என்பது ஒரு கெட்டியான இரும்புப் பட்டை. அதன் ஒரு முனை ஆக்ஸிலின் தட்டையான பக்கங்களைக் கவ்விக்கொள்ளும். மறுமுனையை ஃபோர்க் காலோடு கிளாம்ப் போட்டு இறுக்கவேண்டும். மோட்டார் ஆக்ஸில் தட்டைப் பக்கத்தில் 10 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் ஃபோர்க்கின் பிளவு அதைவிடக் குறுகலாக இருந்தால் அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்கவேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும். இதைத் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

மோட்டார் 36 வோல்ட், 250 வாட் வகை போதும். உள்ளே பல்சக்கரம் உள்ள கியர் ஹப்பாக வாங்குங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தாலும் அது இழுத்துப் பிடிக்காது. நம் பக்கத்து ரோடு சமதளம்தானே, ஏற்றத்துக்காகப் பெரிய மோட்டார் தேவைப்படாது. உங்களுக்கு எதிரி காற்றுதான். நிமிர்ந்து உட்காருவதால் நெஞ்சு முழுக்கக் காற்றை வாங்குகிறீர்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறவர் 25-க்கு ஏற்றினால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். அந்த சைக்கிள் சாவகாசமாகப் போவதற்கென்றே செய்தது. அதன் தடித்த டயர் 1933-ல் அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி கொண்டுவந்தது. காற்றுக் குறைவாக அடித்து, மேடுபள்ளத்தை டயரே வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. 18-லேயே போங்கள். முழங்காலும் நோகாது, பேட்டரியும் நிற்கும்.

பேட்டரிக் கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-அவர் செலவாகும் என்று வையுங்கள். பள்ளத்தூருக்கு இது தாராளம். காரைக்குடி போய்த் திரும்ப ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அதற்கு இது விளிம்பில் நிற்கும். காரைக்குடியில் மூன்று மணி நேரம் தங்குவீர்கள் என்றால் சார்ஜரைப் பையில் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் 13 அல்லது 14 ஆம்பியர்-அவர் வாங்குங்கள். மொத்தச் செலவில் பெரும்பங்கு பேட்டரிக்குத்தான், அதில் மலிவு பார்க்கவேண்டாம். உங்கள் சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) வளைந்த குழாய் என்பதால் நடுவில் பேட்டரி சரியாக உட்காராது. பின்னால் கேரியரில் பூட்டோடு வையுங்கள். முன்னால் மோட்டார், பின்னால் பேட்டரி, பாரமும் சமமாகும்.

ஓட்டும்போது ஒன்று மட்டும் பழகிக்கொள்ளுங்கள். செம்மண் சரளையில் முன்சக்கரம் இழுத்தால் வழுக்கும். முதலில் நாலு மிதி மிதித்து வண்டி நகர்ந்த பிறகு திராட்டிலைத் தொடுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஒயரை ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், மோட்டாருக்குள் இறங்காது.

லைசென்ஸ் விஷயம்: மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. விதி சோதனைச் சான்றும் கேட்கிறது, அதனால் சான்று உள்ள கிட்டையே வாங்குங்கள்; 250 வாட் வகை என்று விற்றாலும், சான்றில் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, எங்களுடையது இரண்டு கட்டு பழைய வீடு. அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறார்கள். அப்பச்சி தன் மின்சார சைக்கிள் பேட்டரியை ராத்திரி முழுக்க முகப்பில் தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். நான் சென்னையிலிருந்து சொன்னால் கேட்பதில்லை.
– தேவகோட்டையைச் சேர்ந்த வாசகர்

பதில்: நீங்கள் பயப்படுவது நியாயம். லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அபூர்வம்தான், பிடித்தால் அணைப்பது கஷ்டம். அப்பச்சியிடம் ராத்திரி போடாதீர்கள் என்று மட்டும் சொன்னால் கேட்கமாட்டார். இடத்தை மாற்றிக் கொடுங்கள். முற்றத்தைச் சுற்றி ஓடுகிற நடையில், சாரல் படாத ஓரத்தில், ஆத்தங்குடிக் கல் மேலேயே பேட்டரியை வைக்கச் சொல்லுங்கள். அது சிமெண்டும் மணலும் சேர்ந்த கல், எரியாது. மேலே வானம் திறந்திருப்பதால் புகை வந்தாலும் வெளியே போய்விடும். பக்கத்தில் பாய், துணி, விறகு, தேக்குச் சட்டம் எதுவும் இருக்கக்கூடாது. மச்சு அறையிலும் சாமான் அறையிலும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு ஆம்பியர் சார்ஜரில் 10 ஆம்பியர்-அவர் பேட்டரி நிறைய ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். காலைப் பலகாரம் முடித்து மாட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துவிடலாம், இருவரும் விழித்திருக்கும் நேரம். கத்திரி வெயிலில் ஓட்டிவந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் மாட்டவேண்டும். கூடவே வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் கூடாது.

காரைக்குடிக்காரர்களுக்குப் பேட்டரி புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த சிக்ரி இங்கேதான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே இருக்கிற ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பேட்டரியை நிறைத்து வைக்காதே, காலியாகவும் விடாதே, பாதியில் நிறுத்தி நிழலான இடத்தில் வை. அப்பச்சி உங்களிடம் சென்னைக்கு வரும்போது இதையும் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணா, யுபிஎஸ்ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட் பேட்டரி மூன்று இருக்கிறது. தொடராக இணைத்தால் 36 வோல்ட் வருமே, அதையே வைக்கலாமா?
– பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி

பதில்: வோல்ட் கணக்கு சரி தம்பி. ஆனால் 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி மூன்று சேர்ந்தால் ஏழு கிலோ ஆகிவிடும். ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் பாதிக்கு மேல் நம்பாதே. கற்றுக்கொள்வதற்கு ஓட்டிப் பார், நல்ல பாடம். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடாமல் ஒயரைத் தொடாதே.

கேள்வி: தாத்தா ஓட்டிய 28 இன்ச் கம்பி பிரேக் சைக்கிள் ஓடும் நிலையில் இருக்கிறது. அதற்கு மோட்டார் வைக்க ஆசை.
– கண்டனூர் வாசகர்

பதில்: அதை விட்டுவிடுங்கள். கம்பி பிரேக்கின் ரப்பர் குரோம் ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்துவது. மழை நனைத்தால் வழுக்கிக்கொண்டே போகும், மோட்டார் வேகத்துக்கு அது தாங்காது. மோட்டார் ஆக்ஸிலுக்காக அந்த ஃபோர்க்கை அரம் போட்டுவிட்டால் பழைய சக்கரமும் முன்போல் உட்காராது. என் அப்பா வாடகைக்கு விட்டதெல்லாம் அந்த வண்டிகள்தான், கை வைக்க எனக்கு மனசு வராது. மோட்டாருக்கு வேறொரு சைக்கிள் வாங்குங்கள். தாத்தாவுடையதை ஒரு சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவாருங்கள், ஹப்பைப் பிரித்துப் பழைய கிரீஸைத் துடைத்து, புதுக் குண்டு போட்டு, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துத் தருகிறேன்.