கேளுங்கள், சொல்கிறேன்: கத்தியும் கணக்கும்

(குற்றச் செய்திப் பக்கத்தில் 26 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு வயது 74. எங்கள் காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவோம். இப்போது பேப்பரைப் பிரித்தாலே வெட்டு, குத்து. உலகம் கெட்டுக்கொண்டேதானே போகிறது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, அந்தப் பேப்பரைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் முதலில் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்தை முடித்தாக வேண்டும். உள்ளூரில் எதுவும் நடக்காத நாட்களில் ஏஜென்சி செய்திகளைத் துழாவி, கடல் கடந்த ஊரில் நடந்த கொலை ஒன்றைப் பிடித்து மூன்று ‘காலம்’, அதாவது மூன்று பத்தி அகலத்துக்குப் போடுவோம். பக்கம் காலியாகப் போகக்கூடாது, அவ்வளவுதான். ‘இன்று கொலை இல்லை’ என்று நான் ஒரு நாளும் தலைப்பு வைத்ததில்லை. ஒருமுறை, முந்தைய மாதம் 2 கொலை, அந்த மாதம் 4. ‘கொலைகள் இரட்டிப்பு’ என்று எட்டுக் காலத் தலைப்பு வைத்தேன். பாராட்டும் கிடைத்தது. அடுத்த மாதம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை.

நிஜமாகவே கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் கொலையைத்தான் எண்ண வேண்டும். அடிதடியும் திருட்டும் புகார் கொடுத்தால்தான் கணக்கில் வரும். பிணத்தை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால் நூற்றாண்டுகள் தாண்டி ஒப்பிடக் கைகொடுப்பது கொலைக் கணக்குதான்.

இங்கிலாந்தில் சந்தேக மரணங்களை விசாரித்த அதிகாரிகள் எழுதிவைத்த பதிவேடுகளில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவைகூட இன்றும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டி ஆராய்ந்தார்கள். 1340-களில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 60 முதல் 75 கொலை நடந்திருக்கலாம் என்று தெரிந்தது. இன்றைய இங்கிலாந்தில் அது ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆக்ஸ்போர்டில் பின்னணி தெரிந்த கொலையாளிகளில் நான்கில் மூன்று பங்கு பேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். செத்தவர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. இளவயது, இடுப்பில் கத்தி, வயிற்றில் கள். அந்தக் காலத்தில் சின்னக் காயம்கூடச் சீழ் பிடித்து ஆளைக் கொன்றுவிடும். இன்றைக்கு அதே ஆள் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருப்பார். அதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரியதுதான்.

நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. வழிப்போக்கரை மடக்கிக் கொள்ளையடிப்பவருக்கு ‘ஆறலை கள்வர்’ என்று பழைய பாட்டுகளில் தனிப்பெயரே உண்டு. ஒரு தொழிலுக்குப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் அதை எத்தனை பேர் செய்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அருகில் வருவோம். அமெரிக்காவில் 1991-இல் லட்சம் பேருக்குப் பத்தை ஒட்டி இருந்த கொலை, 2014-இல் ஐந்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுகளில் காலப் (Gallup) என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றே பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். ‘உங்கள் பகுதியில்?’ என்று கேட்டால் அப்படிச் சொல்கிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். சொந்தத் தெருவைக் கண்ணால் பார்க்கிறோம். மற்றதை என்னைப் போன்றவர்கள் காட்டுகிறோம்.

இதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடவும் வேண்டாம். 2020-இல் அதே அமெரிக்காவில் ஒரே ஆண்டில் கொலை சுமார் 30 சதவீதம் கூடியது. சில ஆண்டுகளில் மறுபடி இறங்கியது. தென் அமெரிக்க நாடான ஈக்வடாரைப் பாருங்கள். 2019-இல் லட்சம் பேருக்கு 7 கொலை என்ற அளவை ஒட்டி இருந்தது, 2023-இல் நாற்பதைத் தாண்டிவிட்டது. துறைமுகங்கள் வழியாகப் போதைப்பொருள் போகும் பாதைக்காகக் கும்பல்கள் மோதிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். ஐ.நா. கணக்கின்படி 2021-இல் உலகம் முழுக்க சுமார் 4,58,000 பேர் கொல்லப்பட்டார்கள். மணிக்கு 52 பேர். இதைச் சின்ன எண் என்று எவன் சொல்வான்?

கதவு விஷயத்துக்கு வருகிறேன். திறந்து போட்டுத் தூங்கினீர்கள், நிஜம்தான். நாங்களும் அப்படித்தான். உள்ளே எடுத்துக்கொண்டு போக என்ன இருந்தது, ஐயா?

கேள்வி: என் மகள் வேலை முடிந்து வர இரவாகிவிடுகிறது. தெருவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
- ஒரு தாய்

பதில்: அம்மா, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெருவிலும் குற்றம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கணக்கை மட்டும் காதில் போட்டு வைக்கிறேன். 2023-இல் உலகில் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. அவர்களில் சுமார் 51,000 பேரைக் கொன்றது கணவன், காதலன் அல்லது குடும்பத்து ஆள். கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். அவர்கள் பெரும்பாலும் சாவது வீட்டுக்கு வெளியே. பெண்ணுக்கு ஆபத்து பெரும்பாலும் அறிமுகமான முகத்தோடு வருகிறது.

நான் பார்த்த பக்கத்தில் ‘மர்ம நபர்’ என்றால் படத்தோடு செய்தி வரும். ‘குடும்பத் தகராறில் மனைவி கொலை’ என்றால் சிங்கிள் காலம், நான்கு வரி. தகராறு என்று எழுதிவிட்டால் இருவருக்கும் சமபங்கு இருந்த மாதிரி ஆகிவிடும். பல ஆண்டுகள் அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். மகளிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே, உன்னை யாராவது மிரட்டுகிறார்களா, போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ‘ஆமாம்’ என்று சொன்னால், ‘அனுசரித்துப் போ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பதிவாகும் வழக்குகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. அப்புறமும் குற்றம் கூடவில்லை என்றால் எப்படி?
- கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இந்தியாவில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 2012-இல் 24,923. அடுத்த ஆண்டு 33,707. ஒரே ஆண்டில் ஆண்கள் அத்தனை பேர் மிருகமாகிவிட்டார்களா? 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு 2013-இல் சட்டம் மாறியது. குற்றத்தின் வரையறை விரிந்தது. இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்று வந்தது. அதுவரை வாய் மூடி இருந்தவர்களும் படியேறினார்கள். சுவீடனிலோ, ஒரே பெண்ணுக்கு ஒருவன் பலமுறை இழைத்த கொடுமையை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எண்ணுகிறார்கள். அந்த எண்ணை மற்ற நாட்டோடு வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றும்.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். ஒரு காவல் நிலையத்தில் புது அதிகாரி வந்த ஆறு மாதத்தில் குற்றம் பாதியாகக் குறைந்தது. பெட்டிச் செய்தி போட்டுப் பாராட்டினோம். பிறகு தெரிந்தது, மீதிப் பாதி அவர் மேஜை டிராயரில் இருந்தது.

கேள்வி: மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் செய்த மாதிரி எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: 2015-இல் அங்கே லட்சம் பேருக்கு நூறுக்கும் மேல் கொலை. இப்போது மிகவும் குறைந்துவிட்டது. மக்கள் நிம்மதியாக வெளியே நடமாடுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் நெருக்கடி நிலை வருவதற்கு முன்பே, 2021-இல் அது 18 அளவுக்கு இறங்கிவிட்டது. அதன்பின் பிடிபட்டவர்கள் 80,000-க்கும் மேல். அவர்களில் பல ஆயிரம் பேரைக் குற்றமற்றவர்கள் என்று அரசே விடுவித்தது. அந்தப் பட்டியலில் உங்கள் தம்பி பெயர் இருந்தாலும் இதே கேள்வியைக் கேட்பீர்களா?

கேள்வி: திருடர்கள் ஒழிந்துவிட்டார்களா?
- ஒரு வாசகர்

பதில்: இடம் மாறிவிட்டார்கள். கார் சாவியில் மின்னணுப் பூட்டு வந்தபின் பல நாடுகளில் கார் திருட்டு சரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கில் இன்று பத்தில் சுமார் நான்கு குற்றம் பண மோசடி. கன்னக்கோல் தேவையில்லை, போன் போதும்.

கேள்வி: பேசாமல் குற்றச் செய்தி படிப்பதை நிறுத்திவிடட்டுமா?
- இல்லத்தரசி ஒருவர்

பதில்: வேண்டாம் அம்மா, என் பென்ஷனே அதில்தான் வருகிறது. படியுங்கள். தலைப்பில் ‘அதிகரிப்பு’ என்றிருந்தால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று உள்ளே தேடுங்கள். அந்த இரண்டு எண்ணும் இல்லையென்றால், அன்று ராத்திரி டெஸ்க்கில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.