ஆறு நாடகமும் ஒரு பட்டமும்: நடிக்க விரும்பும் பெண்ணின் அம்மாவுக்கு

விழுப்புரத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பள்ளி நாடகங்களில் தொடர்ந்து நடித்தவள், இப்போது டெல்லி நாடகப் பள்ளிக்குத்தான் போவேன் என்கிறாள். தாய்மாமா ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி வைத்திருக்கிறார். இன்னொரு உறவினரோ, மூன்றே மாதத்தில் நடிப்புக் கற்றுத்தந்து சினிமா வாய்ப்பும் வாங்கித் தருவதாகச் சொல்லும் சென்னை நிறுவனம் ஒன்றின் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு யோசனைகளையும் நான் ஏற்கமாட்டேன். லட்சக்கணக்கில் கொடுத்து, விருப்பமே இல்லாத படிப்பில் நான்கு வருடம் உட்கார வைத்தால் அரியர்தான் சேரும். உங்கள் அண்ணன் பாதிப் பணம் தருகிறார் என்கிறீர்கள். மீதிப் பாதிக்கு உங்கள் நகைதானே அடகுக்குப் போகும்? சென்னை நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கட்டணம் கேட்கும் இடத்தில் நடிப்புக் கற்றுத்தருவார்கள் என்று நம்ப முடியாது.

உங்கள் மகள் சொல்லும் தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள மூன்று வருடப் படிப்புக்கு பிளஸ் டூ போதாது. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அத்துடன் குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும். முதல் கட்டத் தேர்வில் தேறியவர்களை டெல்லிக்கு வரவழைத்து, சில நாள் பயிலரங்கு வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இடம் கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆக, பட்டம் படிக்கும் மூன்று வருடமும் நாடகம் பழகும் மூன்று வருடமும் ஒன்றாகவே போகலாம். உறவினர் யாரும் இந்த வழியைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பட்டத்துக்கு உங்கள் ஊர் அரசு கலைக் கல்லூரி போதும். பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ பி.காமோ, அவள் எடுக்கட்டும். கட்டணம் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கிடைத்தால் காலை ஷிஃப்ட் வாங்குங்கள், மாலை நேரம் ஒத்திகைக்கு மிஞ்சும்.

இனி முக்கியமான விஷயம், பகுதிநேரப் பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று மாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாடகக் குழுவுடன் இருக்க வேண்டும். முதல் சில மாதம் வசனமே கையில் தரமாட்டார்கள். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். அப்புறம் ஒரே மூச்சில் ஒரு நீள வாக்கியம். புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் வாக்கியத்தின் கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே விழுந்துவிடும். பயிற்றுநர் கூடத்தின் கோடியில் நின்றுகொண்டு "கேட்கல" என்பார். அந்தக் கடைசிச் சொல் அவர் காதுக்குப் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பவர்கள் இதை எங்கே சொல்லித்தருவார்கள்?

உடலுக்கு சிலம்பம், தெருக்கூத்தின் ஆட்ட அடவு. உங்கள் மாவட்டத்தைவிட இதற்கு நல்ல இடம் எது? விடிய விடிய நடக்கும் கூத்தில், கதையை அறிமுகம் செய்து வேடிக்கை பேசும் கட்டியக்காரன் கூட்டத்தை எப்படிக் கையில் வைத்திருக்கிறான் என்று அவள் உட்கார்ந்து பார்த்தாலே அது ஒரு பாடம். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கற்றுத்தருகிறார்கள். ஆரோவில் அருகே ஆதிசக்தி நாடகக் குழுவில் அவ்வப்போது தங்கிப் பயிலும் முகாம்கள் நடக்கும். அதற்குக் கட்டணம் உண்டு என்பதால் இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு இருக்கிறது. பி.காம் படித்த விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர்தான். ஆனால் அதைச் சொல்லி அவளுக்கு சினிமா ஆசையை ஊட்டாதீர்கள், அவள் கேட்பது நாடகம்.

மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலையையும் அவள் தட்டிக்கழிக்கக்கூடாது. விளக்குப் பிடிக்கட்டும், உடைக்கு இஸ்திரி போடட்டும், அடுத்தவர் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொடுக்கட்டும். ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீஸையும் புகைப்படத்தையும் தேதியோடு ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். பிறகு சான்று கேட்கும்போது அலைய வேண்டியிருக்காது.

பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கும் முன் நீங்களே ஒரு முழு ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். வேண்டாம் என்று தடுக்கும் குழு உங்களுக்குத் தேவையில்லை. குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், வெளியூர் நிகழ்ச்சி என்றால் எங்கே தங்குவார்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஒரு வருடம் போனபின் அவளுக்கே இது வேண்டாம் என்று தோன்றலாம். தோன்றினால் அண்ணனிடம் அதைத் தோல்வி என்று பேசாதீர்கள். படிப்பு கையில் இருக்கிறது, கடன் இல்லை. நடிப்பைவிட ஒளியமைப்போ உடையோ பிடித்துப்போனாலும் அவள் போக்கிலேயே விடுங்கள்.

டெல்லி கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தொடக்க காலத்தில் பொறுப்பேற்று உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி அது. பட்டத்துக்குப் பின் அங்கே நாடகத்தில் முதுகலை படிக்கலாம். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

டெல்லிதான் என்றால் இந்தி இல்லாமல் நடக்காது, வகுப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் முதல் நிலைத் தேர்வான பிராத்மிக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஆனால் தேர்வு எழுதிப் பாஸ் செய்தால் மட்டும் பேச்சு வராது. ஓர் இந்தி நாடகத்தை எடுத்துத் தினமும் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும், அதிலும் கடைசிச் சொல் விழாமல்.