அட்டை ஏன் மங்கியது?

கேள்வி: என் 160 பக்கச் சிறுகதைத் தொகுப்பின் அட்டை திரையில் பளிச்சென்று இருந்தது. மாதிரிப் பிரதியில் நிறம் மங்கி, தலைப்பில் கொம்பும் காலும் இடம்மாறிவிட்டன. ஏன்?
– வாசகி, ஜூரோங்

பதில்: திரை காட்டுவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஒளி, அச்சில் விழுவது சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மை. பளீர் நீலமும் பச்சையும்தான் முதலில் அடிவாங்கும். தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வடிவமையுங்கள்.

எழுத்து குலைவது பெரும்பாலும் அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாததால். தலைப்பை அவுட்லைனாக்கி (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி) பிடிஎஃப் அனுப்புங்கள். அவுட்லைனாக்கினால் திருத்த முடியாது. மூலக்கோப்பைத் தனியே வையுங்கள்.

புத்தக முதுகின் அகலத்தையும் சரிபாருங்கள். 160 பக்கம் என்றால் 80 தாள், தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் 8 மி.மீ. தடிமனை அச்சகத்தாரிடமே கேளுங்கள். அச்சகத்தில் ஓரம் வெட்டுவார்கள், அதற்காக அட்டைப் படம் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) பட்டைக்குறி வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவே இருக்கட்டும்.